உப்பிட்டவர் யார்?

அத்தியாயம் 4

கிதர் முகம்மதுவுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். சாப்பாட்டு வேளையில் எந்த மனிதனும் துப்புத் துலக்கக் கூடாது என்பது ஒன்று. தன் முதலாளி அறிவுச்செல்வி ஒரு பொருளை நாக்கில் வைத்துப் பார்க்க முடிவு செய்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் தடுக்க முடியாது என்பது மற்றொன்று. அன்று மதியம் அகரத்தில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவன் வயிறு கூப்பாடு போட்டுக்கொண்டிருக்க, அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சிட்டிகை தேங்காய் மட்டைத் தூளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்படி மேடம், பதம் சரியா இருக்கா?”

“உப்பு ஜாஸ்தி,” என்று துப்பினார் அறிவுச்செல்வி.

“அதான் துப்பறியறதுன்னு பேர் வச்சிருக்காக மேடம். துப்பி அறியறது.”

அவர் சிரிக்கவில்லை. திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பின்னால், ஒரு பூட்டுக் கடையின் மாடியில் அறிவு துப்பறியும் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அவர் கிதரின் ஜோக்குக்குச் சிரித்ததில்லை. ஆனால் வேலைக்குச் சேர்த்ததற்குக் காரணமே அவன் பெயர்தான். ‘கிதர்’ என்றால் உருதுவில் ‘எங்கே’ என்று அர்த்தமாம். தேடுகிற தொழிலுக்கு இதைவிட ராசியான பெயர் கிடைக்குமா என்று சொல்லித்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் வந்திருந்தது செபாஸ்தியம்மாளின் களத்துக்கு. தேங்காய் மட்டையில் கயிற்றுக்கு நாரை உரித்தெடுத்தது போக மிஞ்சுகிற தூளை ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டித் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த 2002-ல் அதற்கு வந்திருக்கிற மவுசே தனி. மண்ணுக்குப் பதிலாக அதில் நாற்று வளர்க்கிறார்கள். மொட்டை மாடியில் ரோஜாச் செடி வைக்கிறவர்கள் அதையே கட்டியாக வாங்கிப் போகிறார்கள். ஒரே ஒரு சங்கடம், மட்டைத் தூளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசி வடித்தால்தான் அதில் செடி பிழைக்கும். அந்த அலசுகிற வேலையைச் செய்கிற களம்தான் இது. செபாஸ்தியம்மாள் தனி மனுஷியாக நின்று உண்டாக்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதுதான் சோறு போடுகிறது.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வத்தலக்குண்டில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் மோகன்குமார்தான் இந்தக் களத்தின் பெரிய வாடிக்கை. குழித்தட்டில் தக்காளி நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறவன். போன இரண்டு லோடிலும் அவனுடைய நாற்று முளைத்த கையோடு நுனி கருகி மடிந்துவிட்டது. உப்பு அளக்கிற மீட்டரை விட்டுப் பார்த்தால் தூளில் உப்பு தாளம் போடுகிறது. இன்றைக்குச் சாயங்காலம் மூன்றாவது லோடு எடுக்க அவனே வருகிறான். இதிலும் உப்பு இருந்தால் இனிமேல் பொள்ளாச்சிச் சரக்குதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் போய்விட்டால் களத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

“எல்லாம் பக்கத்துக் களத்துக்காரன் வேலுச்சாமி வேலைதான்,” என்றார் செபாஸ்தியம்மாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. “இந்தக் களத்து மேல கண்ணு வச்சுட்டான் அறிவு. அன்னைக்குப் பிடிச்ச சனியன்தான். அதுக்கு முன்னால ஒரு லோடு திரும்பி வந்ததில்ல.”

கிதருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. பக்கத்து இடத்தின் மேல் கண் வைத்தவன் உப்பை வைக்க மாட்டானா? வேலுச்சாமியை நாலு மிரட்டு மிரட்டிவிட்டு, தாடிக்கொம்பில் நல்ல சாப்பாடாகப் பார்த்துச் சாப்பிட்டுப் போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டான்.

அறிவுச்செல்வி தன் ருசி பார்க்கிற வேலையை இன்னும் முடிக்கவில்லை. கிணற்றுக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். இளநீர் மாதிரி இருந்தது. அலசாத தூளை நாக்கில் வைத்தார், லேசாகக் கரித்தது. தொட்டியில் ஊறி வடிந்த தூளை மறுபடியும் வைத்தார், முகம் கோணிப்போயிற்று.

“குளிக்கப் போறவனை விடக் குளிச்சுட்டு வந்தவன் அழுக்கா இருக்கான் கிதரு. அப்ப கோளாறு எங்க?”

“குளிச்ச இடத்துல மேடம்.”

தொட்டியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்கள். சிமெண்டுப் பொந்தில் நாலைந்து உப்புக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ தொட்டிக்குள் உப்பைக் கொட்டியிருக்கிறார்கள். இதை ஏன் இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, மட்டையை அலசுகிற தண்ணீர் கரிக்கத்தானே செய்யும், அதை யார் வாயில் வைத்துப் பார்ப்பார்கள் என்று வேலை செய்கிற பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதை வாயில் வைத்துப் பார்க்க ஒருத்தர் திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டியிருந்தது.

களத்தின் பின்பக்கம், அலசாத தூள் மலை போலக் குவிந்து கிடந்த இடத்தில்தான் அந்த விசித்திரம் இருந்தது. தரையில் படிந்திருந்த பொடித் தூளில் ஒரு மொபெட்டின் டயர் தடம். கேட்டிலிருந்து நேராகக் குவியலுக்கு வந்து, குவியலைச் சுற்றி, சுற்றி, இன்னொரு தடவையும் சுற்றி, அதன் பிறகு தொட்டிக்குப் போய், அங்கிருந்து எங்கும் நிற்காமல் வெளியே போயிருந்தது.

“வந்தவன் வழி தெரியாமச் சுத்தியிருக்கான் மேடம்,” என்றான் கிதர்.

“வழி தெரியாதவன் இப்படியா சுத்துவான்? சரியா மூணு சுத்து. எல்லாம் ஒரே பக்கமா.”

“அப்ப கொஞ்சம் தலை சுத்துறவன்.”

டயர் டி.வி.எஸ். 50-ன் டயர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தடயத்தை வைத்துக்கொண்டு அகரத்தில் ஒருவனையும் பிடிக்க முடியாது. அந்த ஊரில் டி.வி.எஸ். 50 இல்லாத வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள். வேலுச்சாமியிடம் ஒன்று இருந்தது. செபாஸ்தியம்மாளுடையது வேப்பமரத்தடியில் நின்றது. தபால்காரர் வந்துபோனதும் ஒன்றில்தான்.

வேலுச்சாமி ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள். பாக்குக் கலர் சட்டை, நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மரியாதை. கிதர் எடுத்த எடுப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காலையில் டி.வி.எஸ்.ஸில் எங்கே போனீர்கள் என்று கேட்டான். அவர் பேசாமல் வண்டியிடம் கூட்டிப்போய்க் காட்டினார். பின் சக்கரம் கழன்று போன வாரமே பஞ்சர் கடைக்குப் போய்விட்டதாம். வண்டி செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் இருக்கையில் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

“கோழியை விசாரிக்கலாமா மேடம்?” என்று கிதர் மெதுவாகக் கேட்டான்.

அறிவுச்செல்வி அதைக் காதில் வாங்காமல், செபாஸ்தியம்மாளுக்கும் அவருக்கும் என்ன சண்டை என்று விசாரித்தார்.

“சண்டை ஒண்ணும் இல்லீங்க,” என்றார் வேலுச்சாமி. அவருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தது, அது குரலில் தெரிந்தது. “நல்லாத்தானுங்க பேசிட்டிருந்தாங்க. ஒரு நா வேலியோரம் நின்னு, ஏனுங்கக்கா, குவியல் மலையாட்டம் நிக்குதுங்களேன்னு ஒரு வார்த்தை சொன்னேனுங்க. மனசாரத்தான் சொன்னேன். அன்னையிலிருந்து என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்கே தெரியலீங்க.”

அறிவுச்செல்வி, உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். நிறைய இருக்கிறது என்றார் அவர். கிதருக்கு இந்த மாதிரிக் கேள்விகளைக் கண்டாலே பயம். முதலாளிக்கு ஏதோ விளங்கிவிட்டது, தனக்கு மட்டும் விளங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் அடுத்த துப்பு அவனுடையதுதான். தொட்டி விளிம்பிலிருந்து எடுத்து வந்த உப்புக் கல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவன் நிமிர்ந்தான். அது சமையல் உப்பு இல்லை. பெரிய பெரிய கல், பழுப்பு நிறம். தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு. தோல் மண்டிகள் நிறைந்த பேகம்பூரில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? சின்ன வயதில் வெறுங்காலோடு அதன் மேல் ஓடிக் கத்தியவன் அவன். அங்கே அதைச் சில்லறையாகக் கொடுக்கிறவர் ஒரே ஆள், அவனுடைய மாமி காதர் பீவி.

நிலையத்து வண்டியான எம்.80-ஐ விரட்டிக்கொண்டு பேகம்பூர் போனார்கள். மாமி கடையில் துப்புக் கிடைக்காவிட்டாலும் சோறு கிடைக்கும் என்பது கிதரின் கணக்கு. கிடைத்தது. அவன் தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போது அறிவுச்செல்வி உப்புக் கல்லை நீட்டி, சமீபத்தில் இதை மூட்டையாக வாங்கிப் போனது யார் என்று கேட்டார்.

தோல் மண்டிக்காரர்களைத் தவிர வெளியாள் ஒருத்திதான் என்றார் காதர் பீவி. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு டி.வி.எஸ்.ஸில் வந்த ஒரு பெண்பிள்ளை. இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டாளாம், தடவைக்கு அரை மூட்டை. அவள் முகம் நினைவில்லை. மாமிக்குக் கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷம் ஆகிறது.

“முகம் கெடக்கட்டும்லே, அவ ஆளே ஒரு தினுசு,” என்றார் மாமி. “பேரமே பேசல. நம்ம ஊர்ல உப்புக்குப் பேரம் பேசாத பொம்பளைய நீ பார்த்திருக்கியா? சொன்னதைக் குடுத்தா. கையில குடுக்கப் போனா வாங்க மாட்டேங்கிறா, கீழ வையுங்க நானே எடுத்துக்கிறேங்கிறா. எதுக்கும்மா இம்புட்டு உப்புன்னேன். ஊறுகாய்க்குன்னா. ஊறுகாய்க்கு வாங்குறவ உப்பு சுத்தமா இருக்கான்னுல்ல கேப்பா? இவ, சீக்கிரம் கரையுமான்னு கேக்குறா.”

கிதர் கையைக் கழுவக்கூட மறந்து எழுந்தான். வேலுச்சாமிக்குப் பெண்டாட்டி உண்டா என்று உடனே விசாரிக்க வேண்டும் என்றான். டி.வி.எஸ்.ஸில் சக்கரம் இல்லாதபோது அந்த அம்மா இன்றைக்குக் களத்துக்கு எதில் வந்திருப்பார் என்று அறிவுச்செல்வி கேட்டதும் மறுபடி உட்கார்ந்தான்.

“கிதரு, எதை வாங்கும்போது பேரம் பேசக் கூடாதும்பாக?”

“சாமி காரியத்துக்கு மேடம்.”

“உப்பை ஏன் கைக்குக் கை வாங்க மாட்டாக?”

“வாங்கினா சண்டை வரும்பாக.” சொல்லும்போதே அவனுக்கு ஏதோ உறைத்தது. ஆனால் முழுக்க உறைப்பதற்குள் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் அகரத்துக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மோகன்குமாரின் வண்டி இன்னும் வரவில்லை. செபாஸ்தியம்மாள் கேட்டருகே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று, வேலுச்சாமி ஒத்துக்கொண்டானா என்று கேட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் வந்தார். அறிவுச்செல்வி பதில் சொல்லாமல் நேராகக் குவியலுக்கு முன்னால் போய் நின்றார். இடுப்பில் கை வைத்து, தலையை அண்ணாந்து, வாயைப் பிளந்து பார்த்தார்.

“அடேயப்பா, எம்புட்டு உசரம்க்கா. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு குவியல் யார்கிட்டயும் இல்ல.”

செபாஸ்தியம்மாளின் முகம் கறுத்தது. “சும்மா இரு அறிவு, நீயும் வாயை வைக்காத,” என்று சொல்லி, பக்கவாட்டில் திரும்பித் தூ தூ தூ என்று மூன்று தடவை துப்பினார்.

கிதருக்கு அப்போதுதான் முழுக்க உறைத்தது. அவர் மதியம் சொன்ன ‘கண்ணு வச்சுட்டான்’ வேறு. அவன் புரிந்துகொண்ட ‘கண்ணு வச்சுட்டான்’ வேறு. களத்தை அபகரிக்க வேலுச்சாமி கண் வைத்திருக்கிறார் என்று செபாஸ்தியம்மாள் சொல்லவே இல்லை. திருஷ்டி போட்டுவிட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

“அக்கா, தொட்டியில உப்புப் போட்டது நீங்கதான?”

“நானா? எந்தலையில நானே மண்ணை அள்ளிப் போடுவேனா? ஒரு கல்லு உப்பு நான் போடல அறிவு. மாதா மேல ஆணையாச் சொல்றேன்.”

“சரிக்கா. திருஷ்டி கழிச்சீங்களா?”

“கழிக்காம? கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாக. லோடு போற அன்னைக்கெல்லாம் விடிய முன்ன வந்து கழிச்சுருவேன்.” ஃபாதருக்குத் தெரிந்தால் பூசையில் வைத்தே திட்டுவார், அதனால்தான் உள்ளூரில் உப்பு வாங்குவதில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிள்ளைக்கு என்றால் ஒரு கைப்பிடி போதும். இத்தனை பெரிய குவியலுக்குக் கைப்பிடி காணுமா? அதனால் அரை மூட்டை. கையை நீட்டிக் குவியலைச் சுற்ற முடியுமா? அதனால் மூட்டையை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு அவரே மூன்று சுற்றுச் சுற்றினார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது. முறைப்படி எல்லாம் செய்திருந்தார். அப்படியும் முதல் லோடு கருகிப்போனதும், கண் பொல்லாத கண், உப்பு போதவில்லை என்று அடுத்த தடவை மூட்டையை இன்னும் கொஞ்சம் நிரப்பினார்.

“சுத்தின உப்பை என்ன செஞ்சீங்கக்கா?”

“தண்ணியில போட்டேன். தண்ணியிலதான போடணும்? உப்பு கரையறாப்புல திருஷ்டி கரையணும்ல?”

“எந்தத் தண்ணியில?”

செபாஸ்தியம்மாள் சாவகாசமாகத் தொட்டிப் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கிதர் இதுவரை எத்தனையோ குற்றவாளிகள் மாட்டிக்கொண்ட முகத்தைப் பார்த்திருக்கிறான். தன்னைத் தானே கையும் களவுமாகப் பிடித்த முகத்தை அன்றுதான் பார்த்தான். ஜோக் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டான்.

“அந்த நாத்தையெல்லாம் நானா கருக்குனேன்?” என்றார் அவர். குவியலோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறுதல் சொல்லத் தெரியாத அறிவுச்செல்வி, தெரிந்ததைச் சொன்னார். தூள் கெட்டுப்போகவில்லை, நல்ல தண்ணீரில் மறுபடி இரண்டு தடவை அலசினால் உப்பு இறங்கிவிடும். நாற்றுப் பண்ணைக்குக் காயவைக்கக்கூட வேண்டாம், ஈரத்தோடு மூட்டை கட்டலாம். ஆனால் இந்தக் கிணறு முந்தின ராத்திரி தொட்டியை நிரப்பியதோடு வற்றிப்போயிருந்தது. அக்கம்பக்கத்தில் தண்ணீர் உள்ள கிணறு ஒன்றே ஒன்றுதான், அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். செபாஸ்தியம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்பது கிதருக்குக் கேட்கவில்லை. வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் அறைக்கு ஓடியது மட்டும் தெரிந்தது. செத்த நேரத்தில் பச்சை ஓஸ் பாம்பு போல வேலியைத் தாண்டி வந்தது. பெண்கள் எல்லோரும் தொட்டியில் இறங்கினார்கள். அறிவுச்செல்வி சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார். கிதர், சாப்பிட்ட உடனே குனியக் கூடாது என்று மாமி சொல்லியிருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். அவன் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார்கள்.

மோகன்குமார் வந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. விவசாயக் கல்லூரியில் படித்தவன், அளவாகப் பேசுகிறவன். வணக்கம் சொல்லிவிட்டு, மூட்டைக்கு மூட்டை தூளை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மீட்டரை விட்டுப் பார்த்தான். கடைசி மூட்டை வரைக்கும் பார்த்தான்.

“உப்பு இல்ல,” என்றான். பெண்கள் கூடி நின்ற பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் அவன் மூட்டையைத் தொடவில்லை. “இன்னைக்கு இல்லம்மா. அடுத்த லோடுல? முன்ன எப்படி வந்துச்சுன்னே தெரியாம நான் எந்தத் தைரியத்துல எடுத்துட்டுப் போறது? நாத்து என்னுதா இருந்தா சரி. அது ஊரு வெவசாயிக நாத்து.”

அறிவுச்செல்வி வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர் ரகசியம் நிலையத்தின் முதல் விதி. அதைச் செபாஸ்தியம்மாளிடமும் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்துக் களத்துக்காரன் பகையில் கொட்டிவிட்டான் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மோகன்குமார் நம்பிவிடுவான். இத்தனை நாளும் ஊரெல்லாம் அவர் பழி சொல்லிவந்ததும் வேலுச்சாமி மேல்தான். கிதர் செபாஸ்தியம்மாளின் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அங்கே வேலுச்சாமி ஓஸைச் சுருட்டிக்கொண்டு நின்றார், முழங்கால் வரைக்கும் சேறு.

“நான்தான் தம்பி போட்டேன்,” என்றார் செபாஸ்தியம்மாள்.

ஒன்றையும் மறைக்கவில்லை. மலை மாதிரி என்று வேலுச்சாமி சொன்னதையும், தான் பயந்ததையும், மூன்று சுற்றையும், அரை மூட்டையையும், தொட்டியையும் எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லச் சொல்ல வேலுச்சாமியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். மோகன்குமார் சிரிக்கவில்லை. கருகிய தட்டுக்கெல்லாம் மறு நாற்று விதைக்க, அடுத்த லோடு தூளைக் காசு வாங்காமல் தந்துவிடுகிறேன் என்று செபாஸ்தியம்மாள் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“சரிம்மா. இனிமே யாராச்சும் கண்ணு வச்சா என்ன செய்வீங்க?”

அவர் யோசித்தார். கண் வைப்பதே பொய் என்று சொல்லிவிட்டால் லோடு உடனே ஏறிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் உண்மை பேச ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

“பூசணிக்கா சுத்தி ஒடைக்கிறேன் தம்பி,” என்றார். பிறகு கவலையோடு கேட்டார், “அதுல உப்பு இல்லையே?”

மோகன்குமார் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மீட்டரைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

“இல்லம்மா. ஆனா தொட்டிக்கு வெளிய வச்சு ஒடைங்க,” என்று சொல்லிவிட்டு, மூட்டைகளை வண்டியில் ஏற்றச் சொன்னான்.